தினமும் நான்கு நிமிடம் முன்னால்

எங்கள் கேலிப்ரேஷன் லேப் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் ஜி.எஸ்.டி. சாலை, மெப்ஸ் என்று எல்லோரும் சொல்லும் ஏற்றுமதி மண்டலம். அங்கிருந்தும் கிண்டி, பெருங்குடி தொழிற்பேட்டைகளிலிருந்தும் பெட்டி பெட்டியாகக் கருவிகள் வரும். ஸ்டாப்வாட்ச், டைமர், டேகோமீட்டர், எப்போதாவது ஒரு நல்ல ஃபிரீக்வென்சி கவுண்டர். அவற்றைச் சரிபார்த்து, எவ்வளவு தவறுகின்றன என்று சர்டிஃபிகேட் எழுதித் தருவது என் வேலை. 1990களின் நடுவில் உதவியாளாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தேன்.

மற்றவனின் எடையைச் சொல்கிறவனிடம் இருக்கும் படிக்கல் சரியா? இந்தத் தொழிலின் முதல் கேள்வி அதுதான். எங்கள் படிக்கல் ஒரு குவார்ட்ஸ் படிகம். சூடு மாறாத சின்ன உலோகக் கூட்டுக்குள் உட்கார்ந்து நொடிக்கு ஒரு கோடி முறை துடிக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் என்பது அந்த ஒரு கோடிதான். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கருவியைத் தெர்மோகோல் வைத்துக் கட்டி, ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுபோவோம். அங்கே உயர்ந்த தரத்தோடு ஒப்பிட்டுத் தாள் தருவார்கள். திரும்பிவந்து மேஜையில் வைத்தால் ஓராண்டுக்குக் கவலையில்லை என்று நினைப்போம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு அந்த நிம்மதி கிடையாது. "தம்பி, இதை ஆஃப் பண்ணி எடுத்துட்டுப் போறோம். படிகம் ஆறிப்போய் மறுபடி சூடாகும்போது பழைய இடத்துக்கே வருமா? வராது. அந்தத் தாள் பெங்களூர்ல அன்னிக்கு இருந்த உண்மை. தாம்பரத்துல இன்னிக்கு இருக்கிற உண்மை இல்ல" என்பார். பழைய சிற்றலை ரேடியோ ஒன்றில், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக் குறியோடு ஒலிபரப்பிய நேரத் துடிப்புகளைப் பிடித்து, எங்கள் படிகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் சிற்றலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. அந்த மண்டலம் மேலும் கீழும் அசைவதால் அலையின் அதிர்வெண்ணே கொஞ்சம் ஆடும். கோடியில் ஒன்று வரைக்கும்தான் நம்பலாம். எங்கள் தேவை அதைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நுண்மையானது.

1999-இல் நேரம் சொல்வதற்கென்றே செய்த ஒரு ஜி.பி.எஸ். ரிசீவர் போர்டை வாங்கினோம். வழி சொல்லும் கருவியாக ஜி.பி.எஸ். பெயர் பெற்றுவிட்டது. உள்ளே அது ஒரு கடிகாரக் கூட்டம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. 'நான் இந்த நொடியில் இதை அனுப்பினேன்' என்று ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான்கு கோள்களின் பேச்சைக் கேட்டால், நாம் நிற்கும் இடத்தின் மூன்று அளவுகளோடு நம் கடிகாரத்தின் பிழையும் சேர்ந்தே விடையாகக் கிடைக்கும். ரிசீவரிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு வெளியே வரும், பி.பி.எஸ். என்போம். எங்கள் படிகத்தின் ஒரு கோடித் துடிப்பைக் கோடியால் வகுத்தால் இன்னொரு நொடித்துடிப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நானோநொடியில் அளந்து வரைபடமாக்கினால், கோடு சாயும் சாய்வுதான் படிகத்தின் பிழை. ஒரு நாளில் 86,400 நொடி. நாள் முழுக்க 86.4 நானோநொடிதான் நகர்ந்தது என்றால், பிழை லட்சம் கோடியில் ஒரு பங்கு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆண்டில் அந்தக் கோடு கோடாக இல்லை. புதர் மாதிரி இருந்தது. அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே ஆட்டத்தைக் கலந்திருந்தது. சில நூறு நானோநொடி இங்கும் அங்கும் அலையும். நாள் கணக்கில் சராசரி எடுத்தால்தான் ஏதாவது தெரியும். 2000 மே 2, செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மே தின விடுமுறை. காலை ஒன்பதரை மணி தாண்டியிருக்கும். திரையில் அலைந்துகொண்டிருந்த புள்ளிகள் கூடி, ஒரு மெல்லிய நூலாகத் தொடர ஆரம்பித்தன. கேபிள் கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பி.என்.சி. கனெக்டரை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி. அமெரிக்க அதிபர் உத்தரவின்படி அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு நள்ளிரவு, நமக்குக் காலை 9.30. மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் எங்களுக்குக் காரணம் தெரிந்தது. அந்த வரைபடத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன்பின் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நிற்கவில்லை, கட்டிப்போடவும் ஆரம்பித்தோம். மொபைல் கோபுரங்களிலிருந்து கழற்றிய ஜி.பி.எஸ். ஆசிலேட்டர்கள் ரிச்சி தெருவுக்கு வரத் தொடங்கிய காலம். வானத்தின் நொடித்துடிப்பைப் பார்த்துத் தன் படிகத்தின் மின்னழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவி அது. குறுகிய நேரத்துக்குப் படிகம் நிதானமானது, நீண்ட நேரத்துக்கு வானம் நிதானமானது. இரண்டையும் எந்த நேர அளவில் கைமாற்றுவது என்பதுதான் இதில் உள்ள கலை. அவசரமாகக் கட்டினால் வானத்தின் நடுக்கம் படிகத்துக்குள் வந்துவிடும். ரொம்ப விட்டுக் கட்டினால் அறையின் வெப்பத்துக்குப் படிகம் அலைந்துவிடும். மாலை ஆறு மணிக்கு ஏசியை நிறுத்தியதும் எங்கள் படிகம் ஒரு பக்கம் சாய்வது வரைபடத்தில் தெளிவாகத் தெரியும். ஏசிக் காற்று நேராகப் படாமல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்ததில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் ஒரு கடிகாரம் மட்டும் இருக்கிற வீட்டில் அது தவறுவதை யாரும் சொல்ல முடியாது. அதனால் பழைய ரூபிடியம் ஆசிலேட்டர் (அதுவும் ஓர் அணுக்கடிகாரம்தான்) ஒன்றையும் வாங்கி, எதோடும் கட்டாமல் தன் போக்கில் ஓடவிட்டேன். ரூபிடியம் மெல்ல நகரும். ஆனால் நேர்கோட்டில் நகரும். அந்தக் கோட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் தெரிவது ஜி.பி.எஸ். பக்கத்துக் குறைகள். செலவுக் கணக்குப் பார்த்த முதலாளி, "வானத்திலேயே அணுக்கடிகாரம் இருக்கு, கீழே எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

ஆன்டெனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் முக்கால்வாசித் தவறு மொட்டை மாடியில்தான் நடக்கிறது. கூம்பு வடிவ ஆன்டெனா வாங்குங்கள். தட்டையாக இருந்தால் காகம் உட்காரும். எங்கள் பகுதிக் காகங்கள் கட்டுக்கம்பியை வைத்தே கூடு கட்டுகின்றன, ஆன்டெனா மேல் அப்படி ஒரு கூடு இருந்தால் கூரைக்குக் கீழே வைத்த மாதிரிதான். கனெக்டரில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். கேபிளில் சிக்னல் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோநொடி எடுத்துக்கொள்ளும்; அதிர்வெண் மட்டும் வேண்டுமானால் கவலையில்லை, நேரம் வேண்டுமானால் கேபிளை அளந்து கழிக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகளில் தெற்கு வானம் திறந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அது வடக்கே தள்ளி இருக்கிறவர்களுக்கு எழுதியது. 13 பாகை அட்சரேகையில் இருக்கிற நமக்குக் கோள்கள் உச்சிவானத்திலேயே கடந்து போகின்றன, நாலா பக்கமும் திறந்திருந்தால் நல்லது.

ஆன்டெனாவை நட்டதும் கருவி ஒரு நாள் முழுக்கத் தன் இடத்தை அளந்து, சராசரி எடுத்து, மனதில் வைத்துக்கொள்ளும். அதன்பின் இடத்தைத் தேடாது. நேரத்தை மட்டும் பார்க்கும். மாடியில் நின்று அதற்காகக் காத்திருந்தபோதெல்லாம் வடக்கே பரங்கிமலையைப் பார்ப்பேன். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அந்த மலைப்பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். முடிக்க 57 நாள் ஆயிற்று. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவைக்கு அடிப்படைக் கோடு இந்தத் தென்சென்னை மண்ணில்தான் விழுந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்திருந்தது. அதன் கருங்கல் தூண் தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே நட்சத்திரம் பார்த்துக் கணித்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906-இல் இந்திய நேரம் வரும்வரை ரயில்கள் அந்தக் கணக்கில் ஓடின. இடத்தைச் சரியாகச் சொல்ல நேரம் வேண்டும், நேரத்தைச் சரியாகச் சொல்ல இடம் வேண்டும். அன்றைக்கும் அதுதான்.

ஒரு பொங்கலுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஜி.பி.எஸ். ஆசிலேட்டருக்கும் ரூபிடியத்துக்கும் இடையிலான வரைபடத்தில் பிற்பகல் 2.40 வாக்கில் பத்து நானோநொடி உயரத்துக்கு ஒரு மேடு தோன்றியது. முக்கால் மணி நேரம் இருந்து அடங்கிவிடும். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். உடன் வேலை செய்த தம்பி, "அண்ணே, மத்தியானம் கீழ் வீட்டுல மோட்டார் போடுறாங்க, வோல்டேஜா இருக்கும்" என்றான். யு.பி.எஸ். மாற்றினோம். ஏசியை நிறுத்திப் பார்த்தோம். அறைக் கதவைச் சாத்திப் பார்த்தோம். மேடு போகவில்லை.

என்னிடம் இருந்த ஒரே பலம் நோட்டுப் புத்தகம். தினமும் மேடு எப்போது தொடங்கியது என்று எழுதிவைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து எண்களை வரிசையாகப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. 2.40, 2.36, 2.32... பதினான்காம் நாள் 1.48. நாளுக்கு நான்கு நிமிடம் முன்னால் வந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் வயலில் தூங்கும் பெரியவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஒவ்வொரு இரவும் முந்தின இரவைவிட நான்கு நிமிடம் முன்னால் உதிக்கும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். நட்சத்திர நாள் 23 மணி 56 நிமிடம். ஜி.பி.எஸ். கோள்கள் அதில் பாதி நேரத்தில் உலகை ஒருமுறை சுற்றுகின்றன, ஆகவே 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே அதே கோலத்தில் வந்து நிற்கின்றன. கீழ் வீட்டு மோட்டார் சூரிய நேரத்தில் ஓடும். ஏசி அலுவலக நேரத்தில் ஓடும். நான்கு நிமிடம் முந்துகிற எதுவும் கட்டடத்துக்குள்ளிருந்து வரவில்லை.

மாடிக்கு ஓடினேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடுங்கி, நான்கு மீட்டர் தள்ளி, புதிய தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகப் பத்திரமாகக் கட்டிவைத்திருந்தார்கள். கருவியோ தான் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறோம் என்று நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். மூன்று நான்கு மீட்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு நானோநொடி. தொட்டி ஒரு பக்க வானத்தையும் மறைத்தது. கோள்கள் குறிப்பிட்ட கோலத்துக்கு வரும்போது மட்டும் பிழை ஒரே பக்கமாகக் கூடி மேடாக எழுந்தது. கம்பத்தை மீண்டும் வெட்டவெளியில் நட்டு, ஒரு நாள் இடம் அளக்கவிட்டோம். மேடு மறைந்தது.

அன்றிலிருந்து என் சோதனை ஒன்றுதான். பிழை தினமும் அதே மணிக்கு வந்தால் அறையைப் பார். நான்கு நிமிடம் முந்தி வந்தால் மாடியைப் பார்.

இரண்டுக்கும் அடங்காத ஒன்றும் உண்டு. பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், சூரியன் மறைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சிக்னல்கள் மின்மினிபோல் மினுக்கத் தொடங்கும். சில கோள்கள் முழுதாகவே விட்டுப்போகும். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறது. அதை ஒட்டிய வானத்தில் அந்தி சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்புகின்றன. நள்ளிரவுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஐரோப்பாக்காரர்கள் எழுதிய கையேட்டில் இது இருக்காது. அந்த மாலைகளில் நான் நுண்ணிய அளவீடு எடுப்பதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி மழை தாம்பரத்தில் யாருக்கும் மறக்காது. ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். முதல் மாடி என்பதால் கருவிகள் தப்பின, மின்சாரம் தப்பவில்லை. பல ஆண்டுகள் அணையாமல் ஓடிய ரூபிடியமும் படிகமும் முதன்முறையாக ஆறிப்போயின. மின்சாரம் வந்தபின் அவை பழைய ஒழுங்குக்கு வர வாரக்கணக்கில் ஆயிற்று. பெரியவர் சொன்னது சரி, படிகம் பழைய இடத்துக்கு வரவில்லை.

ஒழுங்குக்கு வந்த சில நாட்களில், 2016 ஜனவரி 26. குடியரசு தினம், லேப் பூட்டியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் விலையுயர்ந்த ஆசிலேட்டரை எங்கள் தரத்தோடு இணைத்து, விடுமுறை முழுக்க அளவீடு ஓடவிட்டிருந்தேன். மறுநாள் காலையில் வரைபடத்தில் அது தலைதெறிக்க ஓடியிருந்தது. 13 மைக்ரோநொடி, அதாவது 13,000 நானோநொடி. நாங்கள் பத்து நானோநொடிக்கு இரண்டு வாரம் தூங்காதவர்கள். வாடிக்கையாளரின் கருவி கெட்டுவிட்டது என்று எழுதக் கை போனது. அதற்குமுன் ரூபிடியத்தைப் பார்த்தேன். வாடிக்கையாளர் கருவியும் ரூபிடியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. தனியாக ஓடியது எங்கள் ஜி.பி.எஸ். ஆசிலேட்டர்.

அன்று அமெரிக்காவில் பழைய செயற்கைக்கோள் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்தபோது, ஜி.பி.எஸ். நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எண்களில் 13 மைக்ரோநொடிப் பிழை புகுந்து, பல கோள்கள் வழியாக மணிக்கணக்கில் பரவியது. உலகெங்கும் தொலைத்தொடர்பு நிலையங்களில் எச்சரிக்கை மணி அடித்தது. வழி காட்டும் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் நொடித்துடிப்பை உலக நேரத்தோடு ஒட்டிவைத்திருந்த ரிசீவர்கள் மட்டுமே துள்ளின. எங்களுடையது அப்படி ஒட்டிவைத்தது. அந்தத் துள்ளலை ஆயிரம் நொடிக்குள் பிடிக்க ஓடிய எங்கள் படிகம், ஒரு கோடித் துடிப்பில் 0.13 துடிப்பு பிசகியிருந்தது. அன்றே ரிசீவரை ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒட்டும்படி மாற்றினேன். அதிர்வெண் வேலைக்கு அதுவே போதும். முதலாளி கேட்ட கேள்விக்கான பதிலாக மூன்று கோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டு அவர் மேஜையில் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் இரண்டாவது ரூபிடியத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

தர மதிப்பீட்டுக்கு வந்த ஒருவர் ஒருமுறை என்னிடம், "உங்க தரம் வானத்திலிருந்து வருதுன்னு சொல்றீங்க. வானத்துக்கு யார் சர்டிஃபிகேட் கொடுத்தாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டுக்கு நேரத்தின் தாய்வீடு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கிருக்கும் சீசியம் கடிகாரங்கள் உலக நேரத்தோடு ஒப்பிடப்படுகின்றன. என் மேஜையிலிருந்து அந்தக் கடிகாரங்கள் வரை அறுபடாத சங்கிலியை நான் காட்ட வேண்டும். கருவியைச் சரிபார்த்த தாள், அன்றாடப் பதிவு, இரண்டாவது கடிகாரத்தின் சாட்சி ஆகியவை அதன் கண்ணிகள். நோட்டுப் புத்தகங்களை அடுக்கிவைத்தேன். அரை நாள் உட்கார்ந்து படித்தார்.

நம் நாட்டுக்கே இப்போது ஜி.பி.எஸ். போலச் சொந்தமாக நேவிக் இருக்கிறது. அதன் முதல் கோள் 2013 ஜூலை 1-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதில் இருந்த மூன்று அணுக்கடிகாரங்களும் சில ஆண்டுகளில் கெட்டுப்போயின, வெளிநாட்டில் வாங்கியவை. 2023 மே 29-இல் ஏவிய என்.வி.எஸ்.-01 கோளில் நாமே செய்த ரூபிடியம் கடிகாரம் ஏறியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, ரூபிடியத்தோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், எனக்குக் கண் நிறைந்தது.

கிண்டியிலிருந்து செங்கல்பட்டு வரை இந்தச் சாலையின் இருபுறமும் எத்தனை பொறியியல் கல்லூரிகள்! ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கவுண்டரில் தெரியும் எண்ணை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் படிகம் எவ்வளவு தவறுகிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் துறையின் மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா நடுங்கள். ஜி.பி.எஸ்ஸும் நேவிக்கும் பிடிக்கும் ரிசீவர் இப்போது ஒரு பாடப்புத்தகச் செலவுக்குச் சற்று மேலே கிடைக்கிறது. பழைய ரூபிடியம் ஒன்றைத் தேடி வாங்கிப் பக்கத்தில் ஓடவிடுங்கள். இரண்டுக்கும் இடையிலான கோட்டைப் பிள்ளைகள் தினமும் வரையட்டும். ஆன்டெனாவை எந்தத் தேதியில், எந்த இடத்தில் நட்டீர்கள் என்பதை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.